கிலோ கணக்கில் விளையாட்டு: பழைய கம்ப்யூட்டர்கள், கையடக்கப் பெட்டிகள், கும்மிடிப்பூண்டி

1

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு காயலான் கடை. பழைய இரும்பு, செத்த பேட்டரி, தோல் உரித்த ஒயர், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, இவற்றுக்கு நடுவில் சாக்கு சாக்காகக் கம்ப்யூட்டர் போர்டுகள். அந்தச் சாக்குகளைக் கிளறுவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். பழைய வீடியோ கேம் பெட்டிகளும் பழைய கம்ப்யூட்டர்களும் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. அன்று கிடைத்தது ஒரு பிரிக் கேம். 1990களில் பர்மா பஜாரிலும் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் விற்றதே, அதுதான். பேட்டரி மூடி இல்லை. திரையில் ஒரு கீறல். நெற்றியில் மட்டும் '9999 இன் 1' என்ற பெருமை அழியாமல் இருந்தது.

"அண்ணே, இது ஓடுமா?"

"ஓடுமா ஓடாதான்னு எனக்கு இன்னாப்பா தெரியும்? தராசுல வை."

வைத்தேன். நான் கேட்டது பயன்மதிப்பைப் பற்றி. அவர் பதில் சொன்னது பரிவர்த்தனை மதிப்பிலிருந்து. மூலதனத்தின் முதல் அத்தியாயத்தைப் பத்து வருடம் படித்துப் புரியாததை ஒரு தராசு புரிய வைத்துவிடுகிறது. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மதிப்பும் இருந்தது. ஓடாவிட்டாலும் எனக்கு அது வேண்டும். பொருளை அதன் பயன்பாட்டுக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பவன் சேகரிப்பாளன் என்பது வால்டர் பெஞ்சமினின் பார்வை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கையிலிருந்த பொருளை அந்தச் சாக்குக்குள் கொண்டுவந்து போட்டவர் யார், அதைச் செய்தவர் யார், நான் எடுக்காமல் விட்டிருந்தால் அதை உடைத்திருக்கப் போகிறவர் யார்? விடுதலை பெற்ற பொருளுக்குப் பின்னால் விடுதலை பெறாத மூன்று ஜோடிக் கைகள்.

'ரெட்ரோ' என்று இன்று உலகம் முழுக்க ஒரு சொல்லாடல் நடக்கிறது. பழைய கேம்பாய்கள் ஏலம் போகின்றன. பழைய கம்ப்யூட்டர்களுக்கு மியூசியங்கள் வந்துவிட்டன. அந்தச் சொல்லாடலில் கண்டுபிடித்தவர்கள் உண்டு, விளையாடிய சிறுவர்கள் உண்டு, சேகரிப்பாளர்கள் உண்டு. கைகள் மட்டும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிக்கிறவனுக்கு அந்த இல்லாமை உறுத்தாமல் இருக்க முடியாது.

2

முதலில் அவர்கள் சொல்லும் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். அதற்குள்ளேயே ஒரு தொழிலாளி ஒளிந்திருக்கிறார்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் நின்டெண்டோ 1889ல் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாக ஆரம்பித்தது. 1965ல் குன்பெய் யோகோய் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் வேலை. நம்மூர் பாஷையில் மெயின்டனன்ஸ். இயந்திரம் பழுதில்லாமல் ஓடும்போது அவருக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்து, நீட்டினால் நீளும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். அதையே பொம்மையாகத் தயாரிக்கச் சொன்னார். 1966ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்று சந்தைக்கு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்னொரு கதை. ரயிலில் போகும்போது யாரோ ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் 1980ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டருக்குச் செய்த திரவப் படிகத் திரை, கால்குலேட்டருக்குச் செய்த சில்லு, அதே பொத்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. விலை விழுந்துபோன, எல்லாரும் கைகழுவிய தொழில்நுட்பத்தை எடுத்து வேறொரு காரியத்துக்குத் திருப்புவது. இதற்கு அவர் வைத்த பெயர் 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது'. 1989 ஏப்ரலில் வந்த கேம்பாயும் இந்தச் சிந்தனையின் பிள்ளைதான். 8 பிட் சில்லு, 160க்கு 144 புள்ளிகள் கொண்ட பச்சை சாம்பல் திரை, பின்னால் வெளிச்சம்கூடக் கிடையாது. அடுத்த வருடம் சேகா நிறுவனம் வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தது. அது 6 பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம்பாய் 4 பேட்டரியில் நாள் கணக்கில் தாக்குப்பிடித்தது. அதுவும் அதன் வண்ண வாரிசுமாகச் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

யோகோயின் சிந்தனை என்னை மிகவும் ஈர்த்த ஒன்று. காயலான் கடைக்காரரின் சிந்தனையும் அதுதானே? ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். தொழில்நுட்பம் தானாக வாடுமா? 1970களின் கால்குலேட்டர் விலைப் போரில் திரைகளும் சில்லுகளும் மலிந்தன. விலை விழுவதற்கு முன் யாருடைய கூலியோ விழுந்திருக்க வேண்டும். யாருடைய விரலோ இன்னும் வேகமாக ஓடியிருக்க வேண்டும். 'வாடிய தொழில்நுட்பம்' என்கிற அழகான உருவகம் வாடிய உழைப்பை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

டெட்ரிஸ் கதையும் இதே தினுசுதான். 1984ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சி பாஜித்னோவ் என்ற ஆய்வாளர் எலெக்ட்ரோனிகா 60 என்கிற கம்ப்யூட்டரில் அதை எழுதினார். அந்த இயந்திரத்தில் படம் வரைய வசதி கிடையாது. அடைப்புக்குறிகளையே கட்டைகளாக அடுக்கினார். ஆபீஸ் இயந்திரத்தில் உருவான விளையாட்டு. உரிமை அரசு நிறுவனத்துக்குப் போனது. எழுதியவருக்கு ராயல்டி வர ஆரம்பித்தது 1996லிருந்துதான். நடுவில் டெட்ரிஸ் கேம்பாயோடு சேர்ந்து உலகம் சுற்றியது. சீனத்தில் பெயரில்லாத பட்டறைகள் அதைப் பத்து வரிசை, இருபது அடுக்காகச் சுருக்கி ஒரு மலிவுப் பெட்டிக்குள் அடைத்தன. அதுதான் என் கையிலிருந்த பிரிக் கேம். 9999 விளையாட்டு என்பதெல்லாம் சும்மா. கையளவு விளையாட்டுகள்; வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றி எண்ணிய கணக்கு.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விளையாட்டு பிறந்த இடம் வேலை செய்யும் இடம். பிறந்த நேரம் வேலையிலிருந்து பிடுங்கிக்கொண்ட நேரம். யோகோய்க்கும் பாஜித்னோவுக்கும் மேதைமை இருந்தது, மறுக்கவில்லை. கூடவே இன்னும் இரண்டும் இருந்தன: வேலைக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு, இயந்திரத்தைத் தொட்டு நோண்ட உரிமை. நம் தொழிற்பேட்டையில் ஒரு ஐடிஐ பையன் லைன் சும்மா நிற்கும்போது பொம்மை செய்து பார்த்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? மெமோ.

3

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். 1984ல் இந்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவைப் பரப்ப 'கிளாஸ்' என்கிற திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். வந்தது பிபிசி மைக்ரோ. பிரிட்டனில் 1981ல் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் செய்த இயந்திரம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அறைகள் நினைவிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மனிதருக்கு இல்லாத ஏசி அதற்கு உண்டு. தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். கர்ப்பக்கிரகம்தான். யார் உள்ளே போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதும் கர்ப்பக்கிரகத்து விதிப்படியே இருந்தது.

ஆனால் இயந்திரம் அப்படிப்பட்டதல்ல. பிபிசி மைக்ரோவோ, 1982ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமோ, சுவிட்சைப் போட்டால் ஒரு வெற்றுத் திரையும் ஒரு மினுக்கும் குறியும் வரும். 'சொல், என்ன செய்ய?' என்று காத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பேசிக்கில் இரண்டு வரி எழுதினால்தான் அது எதையாவது செய்யும். விளையாடுகிறவனும் விளையாட்டை எழுதுகிறவனும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

அந்த ஸ்பெக்ட்ரத்தைச் செய்த கைகளைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. நம் பகுதிக்கு அது மிக நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டண்டீ என்கிற ஊர். ஒரு காலத்தில் வங்காளத்துச் சணலை நெய்து பிழைத்த ஊர். பிறகு அங்கே டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. கடிகாரம் நலிந்தபோது சின்க்ளேர் கம்ப்யூட்டர்களை அங்கேதான் பூட்டினார்கள். லைனில் பெரும்பாலும் பெண்கள். ஊரெங்கும் ஸ்பெக்ட்ரம் பரவியது. தொழிற்சாலையிலிருந்து எப்படியெப்படியோ வெளியே வந்தவையும் அதில் உண்டு என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர் ஆட்குறைப்பில் கிடைத்த பணத்தில் ஒரு அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் ஆரம்பித்த டிஎம்ஏ டிசைன் நிறுவனத்திலிருந்து 1991ல் லெமிங்ஸ் வந்தது, 1997ல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வந்தது. இன்று டண்டீ தன்னை வீடியோ கேம் நகரம் என்று சொல்லிக்கொள்கிறது.

கதை இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் 1993ல் அதே டைமெக்ஸில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகம் தொழிலாளர்களை மொத்தமாக நீக்கியது. வாசலில் மாதக்கணக்கில் மறியல். முன்னால் நின்றவர்கள் பெண்கள். ஆகஸ்டில் ஆலையை மூடிவிட்டார்கள். ரெட்ரோ ரசிகர்களின் வரலாற்றில் 1982 உண்டு, 1991 உண்டு, 1997 உண்டு. 1993 இல்லை. ஆணுக்குக் கிடைத்த ஆட்குறைப்புப் பணம் விளையாட்டு வரலாறாகிவிட்டது. பெண்கள் நின்ற மறியல் தொழிற்சங்க வரலாறு என்று வேறொரு அலமாரியில் கிடக்கிறது.

4

இப்போது நம் பக்கம். கையடக்க விளையாட்டுப் பெட்டி என்று ஏழை எளியவர் கைக்கு இங்கே பரவலாக வந்தது கேம்பாய் இல்லை. நோக்கியா போன். 1997ல் பின்லாந்தில் தனேலி அர்மாந்தோ என்ற பொறியாளர் நோக்கியா 6110க்காக எழுதிய பாம்பு விளையாட்டு, பிறகு மலிவு போன்களிலெல்லாம் குடியேறியது. கொளுத்து வேலைக்காரர், ஆட்டோக்காரர், காலேஜ் பெண், யாரும் தனியாகக் காசு கொடுத்து வாங்காத விளையாட்டு. போனோடு வந்தது.

2006ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. திருவள்ளூர், அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த இளம்பெண்கள். உச்சத்தில் சுமார் 8000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பிறகு நடந்தது தெரிந்ததே. 2013ல் வரி வழக்கு, சொத்து முடக்கம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது இந்த ஆலையை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1ல் ஆலை நின்றது.

டண்டீ 1993, ஸ்ரீபெரும்புதூர் 2014. இரண்டிலும் பெண்கள், இரண்டிலும் கையடக்கமான எதிர்காலம், இரண்டிலும் பூட்டு. ஆனால் டண்டீயில் ஒரு டேவிட் ஜோன்ஸ் வந்தார். நமக்கு ஏன் வரவில்லை? 'திறமை இல்லை' என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. காரணங்கள் வேறு. ஸ்பெக்ட்ரம் வீட்டுக்குப் போய் டிவியோடு சேர்ந்து உட்காரும். உன்னிடம் கட்டளை கேட்கும். நோக்கியா போன் மூடிய பெட்டி. பாம்பை ஓட்டலாம், பாம்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்க முடியாது. அதைச் செய்கிற இடத்திலோ நிமிடம்கூடச் சொந்தம் கிடையாது. இந்தப் பகுதியில் ஒரு போன் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவரிடம், "செஞ்ச போன்ல எப்பவாவது கேம் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஒரு செட்டு கையில இருக்கறது சில செகண்டுப்பா. கீ எல்லாம் அமுக்கிப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போயிடணும். வூட்டுக்கு வந்தா கண்ணு சொருகிடும்."

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் பகல் வேலைக்குப் பிறகு தூக்கத்தை விட்டுக்கொடுத்து இரவில் கவிதையும் தத்துவமும் எழுதியதை ழாக் ரான்சியேர் 1981ல் வந்த தன் புத்தகத்தில் ஆராய்ந்தார். இரவு அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. நம் பெண்களுக்கு இரவும் ஒரு ஷிஃப்ட். ஷிஃப்ட் முடிந்தால் விடுதி. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் தொழிலாளர்கள் கெட்ட உணவால் நோயுற்று, சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உலகத்தின் மிக விலை உயர்ந்த விளையாட்டுப் பெட்டி இன்று ஐபோன்தான். அதைப் பூட்டுகிறவர்கள் கேட்டது சாப்பிடக்கூடிய சோறு.

5

செய்த கைகளைப் பார்த்தோம். இனி உடைக்கிற கைகள். நான் ஆரம்பித்த சாக்கு மூட்டை அங்கேதான் போகிறது.

1989 மார்ச்சில், அபாயகரமான கழிவுகளை நாடு விட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு மாதம் கழித்து கேம்பாய் கடைக்கு வந்தது. பெட்டியும் அதன் பிணத்துக்கான சட்டமும் ஏறத்தாழ இரட்டைக் குழந்தைகள். இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே மாதம்தான் அமலுக்கு வந்தன. அவற்றில் கம்ப்யூட்டர், போன், டிவி, ஃபிரிட்ஜ் உண்டு. விளையாட்டுப் பொருட்கள் என்கிற வகை 2022 விதிகளில்தான் சேர்ந்தது. அமல் 2023 ஏப்ரலிலிருந்து. அதுவரை வீடியோ கேம் சட்டத்தின் கண்ணில் மின்னணுக் கழிவே இல்லை. அதன் சாலிடரில் ஈயம் இருந்ததும், போர்டைச் சூடாக்கிச் சில்லைப் பிரித்தவர் அந்தப் புகையைக் குடித்ததும் சட்டத்துக்குத் தெரியாது.

விதிகள் தயாரிப்பாளரைப் பொறுப்பேற்கச் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள். என் பிரிக் கேமில் தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. நின்டெண்டோ கேம்பாயைக் கையில் வைத்திருந்த நாடுகளுக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். நகலின் நகலோடு வளர்ந்த நமக்குப் பொறுப்பாளியே கிடையாது. அநாதைப் பொம்மை அநாதைக் குப்பையாகிறது.

கும்மிடிப்பூண்டியை வெளியூர்க்காரர்களுக்கு இரும்பு உருக்காலைகளின் ஊராகத் தெரிந்திருக்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஆலைகளும் இங்கே உண்டு. தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைக் கொண்டுவந்து புதைக்கிற மையமும் சிப்காட்டுக்குள்தான் இருக்கிறது. உலை முன் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். வாரக் கடைசியில் சென்னைக்குப் போகும் புறநகர் ரயிலில் அவர்களைப் பார்க்கிறேன். கதவோரம் உட்கார்ந்து போனில் ஏதோ ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு யோகோயின் ரயில் ஞாபகம் வரும். அங்கே பொத்தானை அமுக்கிய பயணி ஒரு கண்டுபிடிப்புக்குக் காரணமானார்; அவரைப் பார்க்க ஒருவர் இருந்தார். இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் நான் பார்ப்பதோ அவர் கையிலிருக்கும் போனின் மாடலை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

6

'அப்போ பழைய பெட்டிகளை நேசிப்பது பாவமா?' என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. பண்ட வழிபாடு என்று ஒரே அடியில் தள்ளிவிட என்னால் முடியாது. நான் ஏங்குவது பிளாஸ்டிக்குக்காக அல்ல என்று இப்போது புரிகிறது. யாரும் கணக்குக் கேட்காத ஒரு மத்தியானத்துக்காக. அந்த மத்தியானம் எனக்குக் கிடைத்தது, அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. வர்க்கம், சாதி, பால் மூன்றும் சேர்ந்து பங்கு போட்டதில் எனக்கு விழுந்த பங்கு அது. அதை 'அந்தக் காலம்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதுதான் மோசடி.

ஒரு வாய்ப்பு நம் மாவட்டத்திலேயே வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஓட்டுக்காக என்று எழுதியவர்கள் உண்டு; இருக்கட்டும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்த இயந்திரம், அதாவது உள்ளே திறந்து பார்க்கக்கூடியது. கர்ப்பக்கிரகத்திலிருந்து முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் குடிசைக்கு வந்தது. இன்று அந்த லேப்டாப்புகளும் காயலான் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவையும் ரெட்ரோ ஆகிவிட்டன. ஒன்றை எடைக்கு வாங்கி வந்து சரிசெய்தேன். அதில் ஸ்பெக்ட்ரமும் கேம்பாயும் மென்பொருள் வடிவில் ஓடுகின்றன. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஸ்பெக்ட்ரத்தின் வெற்றுத் திரையைக் காட்டினேன். "கேம் எங்கண்ணா?" என்றான். "நீதான்டா எழுதணும்" என்றேன். முதலில் ஏமாற்றம். பிறகு தன் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டு, ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு அந்த ராத்திரி கிடைத்தது. அவன் அம்மா அப்போது ஷிஃப்ட்டில் இருந்தார்.

போன் கம்பெனிகளில் 2006ல் சேர்ந்த பெண்கள் இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜவுளிக்கடையில், மளிகைக்கடையில், வேறு தொழிற்சாலையின் ஒப்பந்த லைனில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை செட் கைமாறியது, எந்த விரல் முதலில் மரத்துப்போனது, பஸ்ஸில் என்ன பாட்டுப் போட்டார்கள், விருப்ப ஓய்வுப் பணம் எதற்குச் செலவானது என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். கையடக்கக் கருவிகளின் வரலாற்றில் நம் பகுதிக்கென்று ஒரு அத்தியாயம் உண்டென்றால் அது அவர்களிடம்தான் இருக்கிறது. பெட்டிகளைத் துடைத்து அலமாரியில் வைப்பதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியைச் சாக்குக்கும் பாதியை அவர்களுடைய திண்ணைக்கும் கொடுப்பதாக இருக்கிறேன். கேட்டு எழுத நாலு பேர் சேர்ந்தால் நல்லது.

பிரிக் கேமுக்குப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. கீறலுக்குக் கீழே கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன.